பித்தளையின் முறுக்கு தணிந்த கதை

ஸ்கேல் மாடல் கட்டுபவர்களின் மேசையில் பிளாஸ்டிக் துண்டுகளோடு ஒரு பித்தளைத் தகடும் கிடக்கும். கனம் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர்தான். ஏணி, கைப்பிடிக் கம்பி, காற்றுச் சல்லடை, விமானியின் இருக்கைப் பட்டை, பட்டையின் கொக்கி என்று பல பத்து உறுப்புகள் அதில் வெட்டப்பட்டு, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மெல்லிய காம்புகளால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதற்குப் பெயர் போட்டோ எட்ச்.

பிளாஸ்டிக்கால் முடியாத காரியத்துக்காகத்தான் இது வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களின் பான்ஸர் 4 டாங்கிக்குப் பக்கவாட்டில் இரும்புத் தகடுகளைப் பாவாடைபோலத் தொங்கவிட்டார்கள். அவற்றின் கனம் 5 மில்லிமீட்டர். 1/35 அளவுக்குக் குறுக்கினால் 0.14 மில்லிமீட்டர் ஆகிறது. உருகிய பிளாஸ்டிக்கை எவ்வளவு அழுத்தி அச்சுக்குள் தள்ளினாலும் அவ்வளவு ஒடுக்கமான இடத்தில் ஓடி நிரம்பாது. பழைய கிட்டுகளில் டாங்கியின் மண்காப்புத் தகடுகள் கோட்டைச் சுவர்போலத் தடித்திருந்ததற்கு அதுவே காரணம்.

பித்தளை அந்தக் குறையைத் தீர்த்தது, கூடவே தன் குணத்தையும் கொண்டுவந்தது. நேர்க்கோட்டில் மடித்தால் ஒழுங்காக மடியும். வளைக்கப் போனால்தான் வம்பு. இருக்கைப் பட்டை இருக்கையின் மடிப்பில் துணியாகத் துவண்டு விழவேண்டும். விரலால் அமுக்கி எடுத்தால் அது துள்ளிப் பழைய நிலைக்கே திரும்புகிறது. அமுக்கிப் பசை வைத்தால் பசை காய்வதற்குள் ஒரு முனை எழுந்து நிற்கிறது.

இதற்கு மாடல்காரர்கள் கண்டுகொண்ட வழி நெருப்பு. உறுப்பைக் குறட்டில் பிடித்து ஸ்பிரிட் விளக்கிலோ காஸ் அடுப்பின் நீலச் சுடரிலோ சில நொடி காட்டுகிறார்கள். மஞ்சள் மங்கி, ஊதா ஓடி, மங்கலான செம்மை தட்டியதும் எடுத்துவிடுகிறார்கள். ஆறிய பிறகு அதே துண்டு சொன்ன பேச்சைக் கேட்கிறது. வளைத்த இடத்தில் வளைந்தபடியே கிடக்கிறது.

இந்தச் சில நொடி வேலைக்குள் வெவ்வேறு காலத்தில் பிறந்த இரண்டு தொழில்கள் இருக்கின்றன. ஒன்று அமிலத்தால் உலோகத்தை அரிப்பது, இன்னொன்று நெருப்பால் உலோகத்தை இளக்குவது.

அமிலத்தின் கதை கவசத்தில் தொடங்குகிறது. எஃகுக் கவசத்தில் உளியால் பூவேலை செய்வது பெரும்பாடு. ஐரோப்பியக் கவசக்காரர்கள் மெழுகு பூசி, மெழுகைக் கீறி, கீறிய இடத்தை அமிலம் தின்ன விட்டார்கள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கவசங்களுக்கு இப்படி அலங்காரம் செய்துவந்த டேனியல் ஹோப்ஃபர், அதே முறையில் இரும்புத் தகட்டை அரித்து, மை தடவிக் காகிதத்தில் படம் எடுத்தார். 1500ஐ ஒட்டிய காலம் அது.

கீறுவதற்கு அப்போது கை வேண்டியிருந்தது. கையின் வேலையை ஒளிக்குக் கொடுத்தவர் பிரான்ஸின் நிசெஃபோர் நியெப்ஸ். ஒருவகை நிலக்கீல் வெயில் பட்டால் இறுகிவிடும், வெயில் படாத பகுதி லாவெண்டர் எண்ணெயில் கரைந்துவிடும். 1820களில் அவர் ஒரு செதுக்குப்படத்தை நிலக்கீல் பூசிய ஈயவெள்ளீயத் தகட்டின் மேல் வைத்து வெயில் காட்டி, கரைந்த கோடுகளை அமிலத்தால் அரித்தெடுத்தார். உலகின் முதல் புகைப்படத்தை எடுத்தவர் என்றுதான் நமக்கு அவரைத் தெரியும். அவர் மனம் முதலில் இருந்தது அச்சுத் தகடு செய்வதில். மாடல் கடையில் தொங்கும் பித்தளைத் தகட்டுக்கு அவரே பாட்டனார்.

அடுத்தவர் இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட். நிலக்கீலுக்குப் பதில் டைகுரோமேட் கலந்த ஜெலட்டினைப் பூசி 1852இல் ஒரு காப்புரிமை எடுத்தார். 1858இல் எடுத்த இன்னொன்றில் அரிப்பதற்கு ஃபெரிக் குளோரைடைப் பயன்படுத்தினார். நைட்ரிக் அமிலம்போல நச்சுப்புகை கக்காமல், அடக்கமாகவும் சீராகவும் செம்பைத் தின்னும் பழுப்புத் திரவம் அது. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர்கள் பிளாஸ்டிக் தட்டில் ஊற்றிச் சர்க்யூட் பலகையை ஆட்டி ஆட்டி எடுப்பது இதே சரக்கைத்தான். பித்தளை உறுப்புகளைச் செய்யும் பட்டறைகளிலும் இன்றுவரை இதுவே ஓடுகிறது. 1950களில் கோடாக் நிறுவனம் ஜெலட்டினைவிட நம்பகமான ஒளிப்பூச்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதோடு ஒளியும் அரிப்பும் சேர்ந்த இந்த முறை அச்சுக்கூடத்தை விட்டுத் தொழிற்சாலைக்குள் நுழைந்தது.

செய்முறை எளிது. தகட்டின் இரு பக்கமும் ஒளிப்பூச்சு, இரு பக்கமும் அச்சுப் பிசகாமல் பொருந்தும் ஃபிலிம், பிறகு புற ஊதா ஒளி. கழுவியதும் திறந்திருக்கும் இடங்களை இரு புறமிருந்தும் திரவம் தின்றுகொண்டே வந்து நடுவில் சந்திக்கும். ஒரு புறம் மட்டும் திறந்திருந்தால் பாதி ஆழத்தோடு நின்றுவிடும். மடிப்புக் கோடுகளும் தகட்டின் மேலுள்ள ஆணித்தலை போன்ற புடைப்புகளும் இப்படி வருபவை. திரவம் கீழே இறங்கும்போதே பக்கவாட்டிலும் கொஞ்சம் தின்றுவிடும். ஆகவே தகட்டின் கனத்தைவிடக் குறுகலான துளையைத் துல்லியமாக எடுப்பது கடினம்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. உலோகத்தின் மேல் எங்கும் பலப்பிரயோகம் இல்லை. கத்தரிக்கோல் நசுக்கும், பிரஸ் இடிக்கும், லேசர் சுடும். அமிலம் இவை எதையும் செய்யாது. வேண்டாததைக் கரைத்துக் கொண்டுபோகும், மிஞ்சியதைத் தொடாது. ஓரத்தில் பிசிறு இல்லை, உள்ளே புதிய இறுக்கம் இல்லை. தொழிற்சாலைகள் இதை ஒரு பெருமையாகவே சொல்லி விற்கின்றன. மாடல்காரருடைய தொல்லைக்கும் இதுவே காரணம். உருளையாலையிலிருந்து தகடு எந்த முறுக்கோடு வந்ததோ, அதே முறுக்கோடு இருக்கைப் பட்டையாகவும் ஏணியாகவும் மாறியிருக்கிறது. வடிவம் புதிது, குணம் பழையது.

அந்த முறுக்கு எங்கிருந்து வந்தது? பித்தளைத் தகட்டைச் சூடில்லாமல் உருளைகளுக்கிடையே நசுக்கி நசுக்கித்தான் மெலிதாக்குகிறார்கள். கடைசிச் சுற்றுகளில் கனம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அது அரைக் கடினப் பதம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஏறத்தாழ 37 சதவீதம் குறைந்தால் முழுக் கடினம். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையை எடுத்துக்கொள்வோம். நன்றாக இளக்கிய தகடு 105 மெகாபாஸ்கல் அளவில் நிரந்தரமாக வளையத் தொடங்குகிறது. முழுக் கடினப் பதத்தில் அதற்கு 435 தேவை. இரண்டின் விறைப்பும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் எதுவரை வளைத்தால் துள்ளித் திரும்பும் என்ற எல்லையில் இருக்கிறது. கடினத் தகட்டுக்கு அந்த எல்லை நான்கு மடங்கு தள்ளிப் போய்விடுகிறது.

அப்படியானால் முதலிலேயே இளகிய தகட்டில் செய்து விற்கக்கூடாதா? விற்றால் வேறு தலைவலி. இவ்வளவு மெல்லிய தகடு அரிப்பு எந்திரத்தின் பீச்சலுக்கும் உருளைகளுக்கும் நடுவே சுருங்காமல் தட்டையாக வரவேண்டும். உறையில் போட்டு அனுப்பினால் கசங்காமல் போய்ச் சேரவேண்டும். முறுக்குள்ள தகடு பட்டறைக்கு வேண்டும், முறுக்கில்லாத தகடு மாடல்காரருக்கு வேண்டும். இருவருக்கும் நடுவே ஒரு நெருப்புக்கு எப்போதும் இடம் இருந்தது.

நெருப்பின் கதை அமிலத்தின் கதையைவிட மிகப் பழையது. துருக்கியின் சாயொனு மேட்டில் கிடைத்த செம்பு மணிகளும் ஊசிகளும் ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுப் பழமையானவை. தாதுவை உருக்கத் தெரியாத காலம், இயற்கையாகக் கிடைத்த செம்புக் கட்டியைத் தட்டித் தட்டிச் செய்திருக்கிறார்கள். அந்த உலோகத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், நடுநடுவே சூடுகாட்டிய தடத்தைக் கண்டார்கள். தட்டினால் செம்பு இறுகும், மேலும் தட்டினால் விரிசல் விடும், நெருப்பில் காட்டினால் மறுபடி இளகும். இது தெரியாமல் உலோக வேலையில் வெகுதூரம் போகமுடியாது. துளைத்தகட்டில் தங்கக் கம்பி இழுக்கும் நம்மூர் ஆசாரியும் இடையிடையே காய்ச்சித்தான் இழுக்கிறார்.

ஏன் இளகுகிறது என்பதற்கு விடை கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹென்றி கிளிஃப்டன் சார்பி 1860களில் உலோகத்தைப் பளபளப்பாகத் தேய்த்து, அமிலத்தால் லேசாக அரித்து நுண்ணோக்கியில் வைத்தார். உலோகம் என்பது ஒட்டிநிற்கும் படிகத் துகள்களின் கூட்டம் என்பது தெரிந்தது. அடித்து நசுக்கிய இரும்பில் நீண்டு நசுங்கிக் கிடந்த துகள்கள் சூடேற்றியதும் மறைந்து, புதிய, ஒழுங்கான துகள்கள் முளைத்திருப்பதை 1887இல் எழுதினார். இளகுவது என்றால் பழைய துகள்கள் சோர்ந்துபோவதாக எண்ணவேண்டாம். அவை இருந்த இடத்தில் புதியவை பிறந்து நிரப்பிவிடுகின்றன.

அடுத்த துப்பு 1934இல் கிடைத்தது. ஜி. ஐ. டெய்லர், எகான் ஓரோவான், மைக்கேல் போலன்யி மூவரும் தனித்தனியே ஒரே கருத்துக்கு வந்தார்கள். படிகத்தின் அணு வரிசைகளில் பிசகுகள் உண்டு, உலோகம் வளைவது அந்தப் பிசகுகள் நகர்வதால்தான் என்றார்கள். விரித்த பெரிய ஜமக்காளத்தை ஓரத்தில் பிடித்து இழுத்தால் அசையாது. ஒரு முனையில் சிறு மடிப்பை எழுப்பி அதை மறு முனைவரை தள்ளிக்கொண்டு போனால் முழு ஜமக்காளமும் ஓர் அங்குலம் நகர்ந்திருக்கும். பிசகு என்பது அந்த மடிப்பு. ஒன்றிரண்டு இருந்தால் தாராளமாக ஓடும். நசுக்க நசுக்கப் பிசகுகள் பெருகி, ஒன்றன் குறுக்கே ஒன்று விழுந்து சிக்கிக்கொள்ளும். நன்றாக இளக்கிய உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரைச் சில பத்து லட்சம் பிசகுகள் ஊடுருவினால், நன்றாக நசுக்கியதில் அந்த எண்ணிக்கை லட்சம் கோடியைத் தொடும். அதே 1934இல் டெய்லரும் குவின்னியும் இன்னொன்றை அளந்தார்கள். உலோகத்தை நசுக்கச் செலவிட்ட ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது, சிறு பங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது. நெருப்புப் படும்போது புதிய துகள்கள் முளைப்பது அந்தச் சேமிப்பைச் செலவழித்துத்தான். பிசகுகளைக் கண்ணால் பார்க்க 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேம்பிரிட்ஜில் பீட்டர் ஹிர்ஷும் கூட்டாளிகளும் மெல்லிய அலுமினியத் தாளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, அவை நகர்வதையே பார்த்தார்கள்.

பித்தளை விஷயத்தில் விஞ்ஞானத்தைவிடப் போர்தான் அதிகம் கற்றுக்கொடுத்தது என்று எனக்குத் தோன்றும். எழுபதுக்கு முப்பது பித்தளைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரே தோட்டாப் பித்தளை. வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, கிண்ணத்தை இழுத்து இழுத்து நீளக் குழலாக்குவார்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் நடுவே சூளை. கடைசியில் அடிப்பகுதி கடினமாகவும், குண்டைக் கவ்வும் வாய்ப்பகுதி இளக்கமாகவும் இருக்கவேண்டும். ஒரே பொருளில் இரண்டு பதம்.

பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலங்களில் ஒரு விபரீதம் நடந்தது. குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடு, யாரும் தொடாமலேயே கழுத்தில் விரிசல் விட்டது. 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் காரணத்தை வெளியிட்டார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஈரக்காற்றோடு சேர்ந்து, உள்ளே இறுக்கம் தேங்கியிருந்த பித்தளையைப் பிளந்திருக்கிறது. அம்மோனியா மட்டும் இருந்தால் பிளக்காது, இறுக்கம் மட்டும் இருந்தாலும் பிளக்காது. மிதமான சூட்டில் காய்ச்சி இறுக்கத்தை இறக்கிவிட்டால் கூடு தப்பித்துக்கொள்ளும். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் இன்றும் ஓடும் நீல ஊதா வளையம் அந்தச் சூட்டின் தடம். வியாபாரத் தோட்டாக்களில் மெருகேற்றும்போது அது போய்விடும். ராணுவத்துக்குச் செய்பவை தடத்தோடு வருகின்றன. மாடல்காரரின் குறட்டு நுனியில் பித்தளை மேல் ஓடும் நிறமும் அதுவே.

அமிலமும் நெருப்பும் பெரிய அளவில் கைகோத்தது வீட்டுக் கூடத்தில், யாரும் பார்க்காத இடத்தில். பழைய கலர் டி.வி.யின் கண்ணாடித் திரைக்குப் பின்னால் லட்சக்கணக்கான நுண்துளைகள் கொண்ட ஒரு மெல்லிய உலோகத் தகடு இருந்தது. மூன்று எலெக்ட்ரான் கற்றைகளும் தத்தம் நிறப் புள்ளியில் மட்டும் விழும்படி மறைப்பது அதன் வேலை. 1950இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் காட்டிய முதல் படக்குழாய்களில் இந்தத் தகடு தட்டையாக இருந்தது. 1953 வாக்கில் சி.பி.எஸ். நிறுவனப் பொறியாளர்கள் வளைந்த தகட்டையும் வளைந்த திரையையும் கொண்டுவந்தார்கள். துளைகளை ஒளியாலும் அமிலத்தாலும் தட்டைத் தகட்டில்தான் எடுக்கமுடியும். எடுத்த பிறகு அதைக் குவிந்த வடிவத்துக்கு அழுத்தவேண்டும். முறுக்கோடு அழுத்தினால் துள்ளும், துளைகள் கோணும். ஆகவே அரித்த தகட்டைச் சூளையில் இளக்கி, அதன் பிறகு அச்சில் அழுத்தினார்கள். முதலில் அரி, பிறகு இளக்கு, பிறகு வளை என்ற வரிசை கோடிக்கணக்கான டி.வி.களில் இப்படித்தான் நடைமுறையானது. மாடல்காரர் செய்வதும் அதே வரிசைதான். சூளைக்குப் பதில் ஸ்பிரிட் விளக்கு.

அரித்தெடுத்த பித்தளை பொம்மை உலகத்துக்குள் வந்த வாசல் ரயில். 1970களில் பிரிட்டனில் ரயில் எஞ்சின் மாதிரிகள் அரித்த பித்தளைத் தகடுகளாக விற்றன. வாங்கியவர்கள் மடித்து, பற்றவைத்து, எஞ்சினாக்கினார்கள். கொதிகலனைச் சுற்றும் தகட்டை வட்டமாக உருட்டவேண்டும், அங்கே நெருப்பு தேவைப்பட்டது. இளக்கிவிட்டு உருட்டுவதா, முறுக்கோடேயே உருட்டுவதா என்பது அந்த வட்டாரத்தில் தீராத வழக்கு. ரயில்காரர்களிடம் ஏற்கெனவே பற்றவைக்கும் சுடர் கையில் இருந்ததால் பழக்கம் இயல்பாக வந்தது. விமானம், கப்பல், டாங்கி கட்டுவோர் பிளாஸ்டிக்கும் பசையுமாக வாழ்ந்தவர்கள். 1980களில் பித்தளை அவர்கள் பெட்டிக்குள் வந்தபோது கூடவே சுடரும் வந்தாகவேண்டியிருந்தது. 1989இல் செக்கோஸ்லோவாக்கியாவின் மோஸ்ட் நகரில் எடுவார்ட் என்ற நிறுவனம் பிறந்தது. கம்யூனிச ஆட்சி விழுந்த அதே ஆண்டு. விமான அறைக்கான பித்தளைத் தகடுகளால் பெயர் வாங்கிய அந்த நிறுவனமும் அதைப் போன்றவையும் சேர்ந்து, சிலருடைய பித்தாக இருந்ததைக் கடைச்சரக்காக்கின.

சுடரில் காட்டுவது சுலபம், எடுப்பதில்தான் கவனம் வேண்டும். தோட்டாப் பித்தளை சுமார் 915 பாகை செல்சியஸில் உருகத் தொடங்கும். இளக 450இலிருந்து 600 பாகை தாராளம். கட்டித் துண்டாக இருந்தால் நடுவே நிறைய அவகாசம் உண்டு. 0.1 மில்லிமீட்டர் தகட்டுக்கு அந்த அவகாசம் ஒரு கணம்தான். பிரகாசமான சிவப்பைப் பார்த்துவிட்டால் அடுத்த நொடியில் கொக்கி ஒரு மணியாகச் சுருண்டிருக்கும். விளக்கொளியைக் குறைத்துக்கொண்டு, மங்கிய செம்மையிலேயே எடுப்பவர்கள் தப்பிக்கிறார்கள். அதிகம் சுட்டால் இன்னொரு கெடுதியும் உண்டு. துகள்கள் ஒன்றையொன்று விழுங்கிப் பெருக்கும். 0.05 மில்லிமீட்டர் துகள் பெரிய உலோகத் துண்டில் சாதாரணம். இந்தத் தகட்டிலோ கனத்துக்கு இரண்டே துகள்தான் நிற்கும். வளைத்தால் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோலாகச் சொரசொரக்கும். எஃகைப்போல் இதைத் தண்ணீரில் தோய்த்தால் இறுகிவிடாது. ஆனாலும் மெல்லிய துண்டு திடீர்க் குளிரில் கோணும், தானாக ஆறவிடுவதே மேல். மேலே படிந்த கருமையைப் புளித்தண்ணீரோ வினிகரோ எடுத்துவிடும். வளைத்து வளைத்துத் திருத்தினால் மீண்டும் இறுகும், மீண்டும் சுடர் காட்டலாம்.

எல்லாவற்றையும் சுடக்கூடாது என்பது பலருக்குத் தாமதமாகவே புரிகிறது. பாதி அரித்த மடிப்புக் கோட்டில் கனம் பாதிதான், ஆகவே முறுக்குள்ள தகடு கோட்டில் மட்டும் மடிந்து, இரு புறமும் தட்டையாக நிற்கும். அதையே இளக்கினால் கோட்டோடு சேர்ந்து பக்கங்களும் நெளியும். பெட்டிகள், ஏணிகள், கப்பலின் கைப்பிடிக் கம்பிகள் முறுக்கோடு இருக்கவேண்டியவை. சுடவேண்டியவை பட்டைகள், உருளை மேல் சுற்றும் கவசங்கள், குண்டடி பட்டு நசுங்கியதாகக் காட்டவேண்டிய மண்காப்புத் தகடுகள்.

இப்போது சுடரைக் காட்ட முடியாத தகடுகளும் வந்துவிட்டன. வண்ணம் அச்சிட்டே வரும் இருக்கைப் பட்டைகளில் நெருப்புப் பட்டால் பட்டையின் தையலும் கொக்கியின் வெள்ளியும் கருகிப்போகும். துருப்பிடிக்காத எஃகில் செய்தவை இளக ஆயிரம் பாகைக்கு மேல் வேண்டும், ஸ்பிரிட் விளக்கு அதற்கு உதவாது. அவற்றை வேண்டிய வளைவைவிடச் சிறிய விட்டமுள்ள டிரில் பிட்டின் மேல் இறுக்கிச் சுற்றுகிறார்கள். கையை எடுத்ததும் அது துள்ளி விரிந்து, வேண்டிய அளவில் வந்து நிற்கும்படி விட்டத்தைத் தேர்ந்துகொள்வதே அங்கே கைப்பழக்கம்.